மூடிய கதவுக்குப் பின்னால் ஓடிய நாடா

செய்தி வந்தது ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், மழைக்கு முன்னால் மலாக்காவின் காஜா பேராங் சாலை விளக்கு வைக்கும் அளவுக்கு இருண்டிருந்த நேரத்தில். நான் கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஷம்சுதீன் பாயின் கார் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கினார். அண்ணனுடைய டேப் ரிக்கார்டரை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகலம்மா," என்றார்.

 அதற்கு மேல் நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

குருபோங்கிலிருந்து திரும்பும் வழியில் மரம் ஏற்றிய லோரி ஒன்று அண்ணனின் சைக்கிளை இடித்துவிட்டது. பின்னால் கட்டியிருந்த பெட்டி தெறித்துப்போய் லாலான் புல்லில் விழுந்திருக்கிறது. தோல் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. உறையில் பாயின் கடைப் பெயர் எழுதியிருந்ததால் யாரோ ஒரு மலாய்க்காரர் பண்டார் ஹிலிர் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். பாய் முதலில் பெட்டியைத்தான் பார்த்தாராம். பிறகுதான் சாலையைப் பார்த்தாராம்.

என் அண்ணன் பெயர் கலியாணசுந்தரம். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். கடைத்தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. "பேர்லயே முடிஞ்சிடுச்சு லா, இன்னொண்ணு எதுக்கு," என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். அப்பா போன பிறகு என்னை வளர்த்தார், சிங்கப்பூருக்கு அனுப்பிக் கல்லூரியில் படிக்க வைத்தார். அவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். ஷம்சுதீன் பாயின் ரேடியோக் கடையில் வேலை. ரேடியோ விற்பார், மின்விசிறி விற்பார், இரண்டும் பழுதானால் பார்த்துக் கொடுப்பார். வேறு பெருமை எதுவும் அவருக்கு இல்லை.

மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்து மூன்று ஆண்டுகள் கழித்து அந்த ரிக்கார்டர் கடைக்கு வந்தது. பேட்டரியில் ஓடும், தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. சில மாதங்கள் கண்ணாடி அலமாரிக்குள் தூசு குடித்தது. "கலியாணம், விக்காத சாமான வாடகைக்காவது விடு," என்றார் பாய். அப்படித்தான் அது அண்ணனின் தோளுக்கு வந்து சேர்ந்தது.

கல்யாண வீடு, காதுகுத்து, சங்கக் கூட்டம், கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். பேசச் சொல்லிப் பதிவு செய்வார், உடனே போட்டுக் காட்டுவார். தன் குரலைத் தன் குரல் என்று ஒப்புக்கொண்டவர்கள் யாருமே இல்லை. கித்தா எனப்படும் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர் கோப்பிக் கடையில் தன் பேச்சைத் தானே கேட்டுவிட்டு, "இவன் யாருய்யா, மூக்கடைச்சவன் மாதிரி பேசறான்?" என்றாராம்.

"நீங்கதான் மண்டோரே."

"நானா? அப்ப இத்தன வருஷமா ஏன்யா ஒருத்தனும் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைக்குச் சேத்துக்க மாட்டீங்களே," என்று மூலையில் இருந்து யாரோ சொல்ல, கடையே சிரித்ததாம். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் அந்த மண்டோரைப் போலவே பேசிக் காட்டினார்.

நாடா விலை அதிகம். கடையில் நாலைந்து சுருள்கள்தான் இருந்தன. அதனால் ஒரு வீட்டில் பதிந்ததை அவர்கள் கேட்டு முடித்ததும், அதே நாடாவில் அடுத்த வீட்டைப் பதிவார். யாரும் வருத்தப்பட்டதில்லை. கேட்டாயிற்று, சிரித்தாயிற்று, அப்புறம் எதற்கு என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். செமாபோக் கல்யாணத்தின் மேல் பண்டார் ஹிலிர் காதுகுத்து ஏறும். அதன் மேல் ஒரு சங்கக் கூட்டம் ஏறும்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் கம்பம். நம்மைப் போலவே கோயில், நம்மைப் போலவே பெயர்கள். தமிழ் மட்டும் கிடையாது. எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்னால் வந்தவர்கள், வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். அதற்கு நடுவே மாமா, மாமி என்று சில தமிழ்ச் சொற்கள் மிதந்து வரும். கம்பத்தின் முதல் வீட்டில் சிவகாமசுந்தரி மாமி இருந்தார். தனியாக இருந்தார். மாமியின் பேச்சை நான் இங்கே நம் தமிழில் எழுதுகிறேன்.

மாமிக்கு ஒரே மகன், நடராஜன். ஜப்பான்காரன் காலத்தில், பத்தொன்பது வயதில், ஒரு காலை மீன் வாங்கப் போனவனை லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். போனவர்களில் சிலர் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. செத்தான் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் செட்டிகள் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். ஆண்டின் நடுவில் பழங்களோடு இன்னொரு முறை. இறந்த ஒவ்வொருவரையும் நினைத்து இலை போட்டு, சோறு, கறி, பலகாரம் எல்லாம் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். வந்தவர்கள் உள்ளே நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், உயிரோடு இருப்பவர்கள் பார்க்கக் கூடாது என்பது வழக்கம்.

மாமி தன் மாமனாருக்கு இலை போடுவார், மாமியாருக்குப் போடுவார், கணவருக்குப் போடுவார். மகனுக்குப் போடுவதில்லை. உறவுக்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணன் பக்கத்தில் வைத்திருந்த பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"கலியாணம், இதுக்குக் காது இருக்குல்ல?"

"காது மாதிரி ஒண்ணு இருக்கு மாமி."

"பார்ச்சு அன்னிக்கு உள்ள வச்சிட்டுக் கதவைச் சாத்தறேன். நாங்கதான் இருக்கக் கூடாது. பெட்டி இருக்கலாம்."

அண்ணன் சிரித்துவிட்டார். "காத்துதான் புடிக்கும். பல்லி சத்தம் புடிக்கும். மேல போற காக்கா சத்தம் புடிக்கும். வேற என்ன மாமி கேக்கப் போறீங்க?"

"சிரிக்காத. இலை போட்டா நானே அவனச் சாகடிச்ச மாதிரி. உயிரோட இருக்கறவனுக்கு இலை போடலாமா? போடலன்னா, செத்திருந்தா, மத்தவங்க சாப்பிடறத வாசல்ல நின்னு பாத்துட்டுப் போவானே. ரெண்டுல எதைப் பண்றதுன்னு நான் யாரக் கேக்கறது? உன் பெட்டிதான் உள்ள இருந்து கேக்க முடியும்."

அண்ணன் அதன் பிறகு சிரிக்கவில்லை. சரி என்றார்.

அந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் நானும் போயிருந்தேன். மூன்று இலைகள். அவற்றுக்குப் பக்கத்தில், சுவரோரம் ஒரு முக்காலியின் மேல் பெட்டி. மாமி எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மகன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அண்ணன் பொத்தானை அழுத்தினார். சுருள்கள் சுற்றத் தொடங்கின. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு வேலியோரம் நின்றோம். பகல் வெயில். தெருவில் ஐஸ் விற்பவன் மணியடித்துக்கொண்டு போனான். மாமி அவனைக் கையைக் காட்டித் துரத்தினார்.

கதவைத் திறந்தபோது சுருள் ஓடி முடிந்திருந்தது. அண்ணன் திருப்பிச் சுற்றிப் போட்டார். மாமி தரையில் உட்கார்ந்து காதைப் பெட்டியோடு வைத்துக்கொண்டார். முதலில் கதவு சாத்தும் சத்தம். பிறகு வெகுநேரம் இரைச்சல் மட்டும். ஐஸ்காரனின் மணி தூரத்தில் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார், முடிந்துவிடும் என்பதுபோல. அப்போதுதான் கேட்டது. ஓர் ஆணின் இருமல். மெல்லியதாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. சற்றுப் பொறுத்து இன்னொரு இருமல்.

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மாமி திரும்பவில்லை.

"அவன்தான்," என்றார். "களவா சிகரெட் குடிச்சிட்டு வந்தா வாசல்ல நின்னு ரெண்டு தடவ இருமுவான். நான் முழிச்சிருக்கனான்னு பாக்க." பெட்டியிலிருந்து காதை எடுத்துவிட்டு, "சுடா," என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

எழுந்து பின்பக்கம் போய் இன்னொரு வாழையிலையை அறுத்து வந்தார். கழுவினார். கணவரின் இலைக்குப் பக்கத்தில் போட்டு, சட்டியில் மிச்சமிருந்ததை எல்லாம் அதில் வைத்தார். நடராஜன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் முறை என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற உறவுக்காரி ஒருத்தி அழுதாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நாடாவை மறுபடியும் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்தார். இரைச்சல் வீட்டை நிரப்பியது. இருமல் வந்தது. இன்னொரு இருமல். அதற்கு அடியில், எறும்பு ஊர்வதுபோல, ஒரு குரல்: "சபையோர்களே..."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

செமாபோக் சேதுராமன் வாத்தியார். மேடையில் பேசத் தொடங்குமுன் இரண்டு முறை இருமித் தொண்டையைச் சரிசெய்வார், அது ஊரறிந்தது. போன மாதம் சங்கக் கூட்டத்தில் அண்ணன் அவரைப் பதிந்திருந்தார். அந்த நாடாவைத்தான் மாமி வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். பழையதை அழிக்கிற காந்தம் கொஞ்சம் விலகியிருந்தால் முன்பு பதிந்தது அடியில் தங்கிவிடும். அவருக்கு அது தெரியும். ஆட்கள் பேசும்போது அது கேட்காது, ஒருத்தர் குரல் இன்னொருத்தர் குரலை மூடிவிடும். யாருமே பேசாத அறையை அவர் அதுவரை பதிந்ததில்லை.

"போய்ச் சொல்லிடலாம்ணே," என்றேன்.

"என்னன்னு? இருமினது வாத்தியாருன்னா?"

"ஆமா."

"அப்ப அவங்க அந்த இலைய எடுக்கணும். எப்படிம்மா எடுப்பாங்க?"

மறுநாள் பொங்கல். சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார். மாமி புதுச்சேலை கட்டிக்கொண்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாராம். அண்ணனைப் பார்த்ததும், "நேத்து நல்லா தூங்கினேன் கலியாணம்," என்றாராம். மாமி கொடுத்த பலகாரத்தைத் தின்றுவிட்டு அண்ணன் திரும்பி வந்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் மாமி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். தட்டில் ஏதாவது குவே பலகாரம் கொண்டுவருவார். கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் முன் உட்காருவார். அண்ணன் அந்த நாடாவைப் போடுவார். நீண்ட இரைச்சலை மாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். இருமல் வந்ததும் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு எழுந்துகொள்வார். அண்ணன் அந்த நேரத்தில் சுவரைப் பார்த்தபடி நிற்பார். இருமல் வருவதற்குச் சற்று முன்னால் அவர் மூச்சை அடக்கிக்கொள்வது எனக்குத் தெரியும். நாளடைவில் நானும் அடக்கிக்கொள்ளப் பழகிவிட்டேன். கடையில் நாடா இல்லாமல் தவித்தபோதும் அந்தச் சுருளை மட்டும் அவர் வெளியே கொண்டுபோகவில்லை.

பிறகு மாரியம்மன் கோயிலில் அது நடந்தது. மாமியும் எங்களோடு வந்திருந்தார். பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள், இரண்டு முறை. அண்ணன் திரும்பவில்லை. யாரென்று அவருக்குத் தெரியும். மாமி திரும்பினார். அவர் முகத்தில் பயம் இல்லை, வீட்டுக்கு வந்தவனை வரவேற்கிற முகம். கூட்டத்தில் ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே நின்றார். சேதுராமன் வாத்தியார் எங்களைக் கடந்து, "என்ன கலியாணம், சௌக்கியமா?" என்று கேட்டபடி செருப்பைத் தேடிக்கொண்டு போனார். மாமி அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தேடியது பத்தொன்பது வயதுப் பையனை.

அந்த வாரத்திலிருந்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கவில்லை. பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சயாமுக்குப் போய்த் திரும்பியவர்களைத் தேடிப் போனார். "நெசத்த கண்டுபுடிச்சிட்டா அந்த இருமல் வேண்டியதில்ல," என்றார் என்னிடம். செத்ததைப் பார்த்தவன் ஒருவன் கிடைத்தால், மாமி போட்ட இலை சரியான இலை ஆகிவிடும். பொய்யில் தொடங்கியது உண்மையில் முடியும். அவர் அதைத்தான் விரும்பினார்.

சயாமிலிருந்து வந்தவர்கள் பேச விரும்பாதவர்கள். பெண்டாட்டி பிள்ளையிடம்கூடச் சொல்லாதவர்கள். ஆனால் பெட்டியின் முன் பேசினார்கள். பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினால் எதிரே இருக்கிற மனிதனின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதாலோ என்னவோ. அண்ணன் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: மலாக்கா செட்டிப் பையன், மலாய் பேசுவான், நடராஜன்னு பேரு, பாத்தீங்களா? அவர்கள் வேறு எதையெதையோ சொன்னார்கள். காலரா வந்த கூடாரத்தை ஆட்களோடு சேர்த்துக் கொளுத்தியது, மழையில் பாலம் விழுந்தது, சோற்றில் ஊர்ந்த புழுவை எடுக்காமலே தின்றது. அவர்கள் பேசிய நாடாக்களின் மேல் அண்ணன் எதையும் பதியவில்லை. தன் சம்பளத்தில் புதிது வாங்கினார். "கலியாணம், நீ கடைக்காகப் பெட்டிய வாடகைக்கு விடறியா, இல்ல கடையவே நீ வாடகைக்கு எடுத்துட்டியா?" என்று பாய் ஒருநாள் கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு பேட்டரிகளையும் சும்மா கொடுத்தார்.

இப்படியே ஓராண்டுக்கு மேல் போயிற்று. நடராஜனைப் பார்த்தவர் யாரும் இல்லை. மாமி வெள்ளிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தார்.

ஈமக் காரியங்கள் முடிந்து வீடு காலியான பிறகு நான் பெட்டியின் தோல் உறையைத் திறந்தேன். சுருள் உள்ளேயே இருந்தது. அன்று குருபோங்கில் பதிந்தது. போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டேன்.

அண்ணனின் குரல். "பேரச் சொல்லுங்கய்யா."

அந்தக் குரலை நான் ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். இருந்தும் அது வேறு யாருடையதோ போலத்தான் இருந்தது. மண்டோர் சொன்னது போல, கொஞ்சம் மூக்கடைத்த குரல்.

"சுப்பையன். கித்தா வெட்டறேன்."

"செட்டிப் பையன் ஒருத்தன் இருந்தான்னு சொன்னீங்களே."

"இருந்தான். மலாக்காக்காரன். தமிழ் வராது. ஊமைச்செட்டின்னு கேலி பண்ணுவோம். கோவிச்சுக்க மாட்டான், மலாய்லயே திருப்பித் திட்டுவான். நல்லா திட்டுவான்."

"செத்துட்டானாய்யா?"

"யாரு சொன்னது? சண்ட முடிஞ்சு வெள்ளக்காரன் எங்கள எல்லாம் தெக்க அனுப்பினான். அவனுக்குக் காலு புண்ணு, நடக்க முடியல. ஒரு சயாம்காரி வீட்ல படுத்திருந்தான். நான் போய்க் கூப்பிட்டேன். நீ போ, நான் பின்னால வரேன்னான்."

"உயிரோட இருந்தான்."

"உயிரோடதான்யா. பொகையில சுருட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். அந்தப் பொம்பள கஞ்சி ஊத்திக் குடுத்தா."

அதன் பிறகு நாடாவில் பேச்சு இல்லை. சேவல் ஒன்று கூவியது. யாரோ தண்ணீர் இறைத்தார்கள். அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"பேரு நடராஜன்தானா?"

"பேரு எங்கய்யா ஞாபகம் இருக்கு. மொகம் இருக்கு. படம் கிடம் இருந்தா கொண்டாங்க, பாத்த ஒடனே சொல்லிடுவேன்."

"அவங்க அம்மா வீட்ல ஒண்ணு இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம கொண்டாரேன்."

"கொண்டாங்க. மழ வரும் போலருக்கு, பாத்துப் போங்க."

பிறகு பொத்தான் அழுந்தும் சத்தம். அதோடு அவர் முடிந்துபோனார்.

பதினாறாம் நாள் கழிந்த வெள்ளிக்கிழமை மாமி வழக்கம்போல வந்தார். தட்டில் குவே இருந்தது. நாடாவைப் போடச் சொல்லவில்லை. பெட்டியைத் துணியால் துடைத்துவிட்டு, என் தலையில் கை வைத்தார்.

"பழப் பார்ச்சு வருது," என்றார். "கலியாணம் உங்க ஆளுதான். இருந்தாலும் எங்க வீட்டு வாசல் அவனுக்குத் தெரியும். இந்தத் தடவ அவனுக்கும் ஒரு இலை போடறேன். என் மகனுக்குப் பக்கத்துலயே போடறேன். ரெண்டு பேரும் பேசிக்கிட்டு சாப்பிடட்டும்."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை. உங்கள் மகன் உயிரோடு இருக்கலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் வாய்வரை வந்தது. சுப்பையனுக்கு முகம் மட்டும்தான் நினைவிருக்கிறது, அதுவும் வேறு யாருடைய முகமாகவும் இருக்கலாம். அதைச் சொல்லி மறுபடியும் அவரை வாசலில் காத்து நிற்க வைப்பதா? சொல்லாமல் இருந்து, சயாமில் எங்கோ கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் மகனுக்கு இறந்தவனின் இலையைப் போட விடுவதா? முதலில் சுப்பையன் படத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்க முடியும். அண்ணனும் அப்படித்தான் எண்ணியிருப்பார்.

பார்ச்சுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. நடராஜனின் படம் மாமி வீட்டு முன்னறையில், கணவரின் படத்துக்கு வலது பக்கம் மாட்டியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கினால் எதற்கென்று மாமியிடம் சொல்ல வேண்டும். அண்ணன் சொன்ன ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, அதற்கடுத்ததும் போய்விட்டது. அந்தப் படத்தை இன்னும் யாரும் குருபோங்குக்குக் கொண்டுபோகவில்லை.